பத்தாவது இடத்துக் கோல்கீப்பர்

சவரக்கத்தி பிடிக்கிறவனிடம் யாரும் ரகசியம் சொல்லக் கூடாது. எனக்கு ரகசியம் வயிற்றில் தங்காது, நேராகக் கைக்கு வந்துவிடும். அன்று காலை என் அக்கா மகள் போனில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்தாள். அடுத்து என் நாற்காலியில் உட்கார்ந்த ஆளுக்குத் தாடையில் கீறல் விழுந்தது.

"என்ன மாப்ள, கை ஆடுது?" என்றார் மச்சான். என் அக்காவின் கணவர். சலூன் அவருடையது. முதல் நாற்காலி அவருக்கு, இரண்டாவது எனக்கு.

"ராத்திரி சரியாத் தூங்கலை மச்சான்" என்று சொல்லிவிட்டு, படிகாரக் கட்டியை எடுத்துக் கீறலில் அழுத்தினேன்.

"நேத்து மேட்ச் பாத்தா எவனுக்குத் தூக்கம் வரும்? அந்த ரெண்டாவது கோலை நம்ம தூண் விட்டிருப்பானா சொல்லு."

எங்கள் சலூனில் முடி அலங்காரம் காட்டும் மாடல்களின் படம் ஒன்றுகூடக் கிடையாது. கண்ணாடிகளுக்கு மேலே வரிசையாகச் சட்டம் போட்ட படங்கள், எல்லாம் எங்கள் ஹாக்கி கிளப்பின் கோல்கீப்பர்கள். இடமிருந்து வலமாக, ஆட்டத்தில் பெரியவரிலிருந்து சிறியவர் வரை. முதல் இடம், தூண் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்தவனுக்கு. ஆள் உயரம், அசையாமல் நிற்பான், ஆடிய காலம் முழுக்க ஒரே கிளப். வரிசையை வருஷத்துக்கு ஒருமுறை, சீசன் தொடங்குமுன் மாற்றுவோம். அன்று முடிவெட்ட வருகிறவர்கள் பாவம். உட்கார்ந்தால் ஓட்டுப் போடாமல் எழுந்திருக்க முடியாது.

மாறாதது ஒன்றுதான். கிளப்பை விட்டு வேறு கிளப்புக்குப் போன கோல்கீப்பரின் படத்தை மச்சான் கழற்ற மாட்டார். சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிடுவார். "கழட்டினா மறந்துடுவோம். மறக்கக் கூடாது. முதுகு காட்டினவன் முதுகு காட்டிட்டே தொங்கட்டும்" என்பார். அப்படி மூன்று பழுப்பு அட்டைகள் தொங்குகின்றன. புதிதாக வருகிறவர் அது என்ன என்று கேட்டுவிட்டால் போச்சு. முடி வெட்டி முடிந்த பிறகும் கதை முடியாது.

அந்த மூன்றில் ஒன்று பூனை. என்னைக் கேட்டால் முதல் இடம் அவனுக்குத்தான். முதல் பந்தைத் தடுக்க யாராலும் முடியும். அது நேராகக் காலில் வந்து படுகிறது. தடுத்த பந்து தெறித்து வேறொருவன் மட்டைக்குப் போகிறதே, அந்த இரண்டாவது பந்தில்தான் கோல்கீப்பரின் சாயம் வெளுக்கும். பூனை விழும்போதே எழுந்துகொண்டிருப்பான். இதை நான் வருஷாவருஷம் சொல்கிறேன், வருஷாவருஷம் தோற்கிறேன்.

பூனை எங்களிடம்தான் முடி வெட்டிக்கொள்வான். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளப்புக்கு மாறிய பிறகும் பழக்கத்தில் ஒருநாள் வந்துவிட்டான். நாற்காலியில் ஒருவர், பெஞ்சில் இரண்டு பேர் இருக்கும்போதே மச்சான், "இன்னிக்குக் கடை லீவு" என்றார். இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. எதிரே வந்தால் மச்சான் இன்றைக்கும் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு போவார்.

காலையில் போன் செய்தவளும் அந்தச் சுவரில் இருக்கிறாள். வரிசையில் கடைசியாக, பத்தாவது இடத்தில் தொங்குவது மச்சானின் மகள்.

மகள் என்பதற்காக அவர் மேலே ஏற்றவில்லை. "விளையாடாம எப்படி ஏத்தறது? பத்து போதும்" என்றார். அதுவும் உண்மைதான். பெண்கள் அணியில் அவள் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்கு மதில் என்று பெயர். அந்த அம்மாளுக்குக் காயம் படாது, காய்ச்சல் வராது, கல்யாணத்தன்றுகூட லீவு போடவில்லை என்பார்கள். மூன்று சீசனாக எங்கள் பெண் கால் பேடு, மார்புக் கவசம், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு போருக்குப் போகிறவள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். "காத்திரும்மா, தூண்கூட அஞ்சு வருஷம் பெஞ்சுலதான் இருந்தான்" என்பார் மச்சான்.

அன்று காலை அவள் போனில் சொன்னது இதுதான்: "மாமா, பாலத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிடறாங்க. முதல் கோல்கீப்பர். எல்லா மேட்சும். இன்னிக்கே பதில் சொல்லணும்."

"அப்பாகிட்ட…"

"நீங்க கேளுங்க. நான் கேட்டா, அவர் மூஞ்சியைப் பாத்ததுமே நானே வேண்டாம்னு சொல்லிடுவேன். அப்பா சரின்னா போறேன். இல்லைன்னா இருந்துடறேன். பிராக்டிஸ் முடிஞ்சு சாயங்காலம் கடைக்கு வரேன், சொல்லுங்க."

அக்காவுக்குப் போன் போட்டேன். "எனக்கும் தெரியும். தாய்மாமன் எதுக்கு இருக்கே? நீயே சொல்லு" என்றாள். நல்ல காரியத்துக்குக் கூப்பிடும்போது மட்டும் எனக்கு முன்னால் நூறு பேர் நிற்பார்கள்!

மத்தியானம் வரை மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். மூன்று முறை, "மச்சான்" என்று ஆரம்பித்தேன். மூன்று முறையும், "அந்த டவலை எடுங்க" என்று முடித்தேன். சொல்லாமலே விட்டால் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்து முப்பது வயதைத் தாண்டிவிடுவாள். சொன்னால் வீட்டுக்குள்ளேயே ஒரு பூனை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே அப்பனும் மகளும் காலம் தள்ளுவார்கள். இரண்டு பக்கமும் கொள்ளி என்றால் எறும்புகூட எங்காவது குதிக்கலாம், எனக்குக் கடையை விட்டுப் போக இடமில்லை.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. நேராகக் கேட்காமல் வரிசை வழியாகக் கேட்போம். பூனையைக் கொஞ்சம் நல்லவனாக்கிவிட்டால் மகளுக்கு வழி பிறக்கும். எங்கள் கடையில் பிறந்த யோசனை வேறு எப்படி இருக்கும்?

சாயங்காலக் கூட்டம் வந்துவிட்டது. மச்சானின் நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர், என் நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு பேக்கரிக்காரர், பெஞ்சில் மருந்துக்கடைக்காரர்.

"மச்சான், தூணுக்கு முதல் இடம் குடுத்தது சரிதானா?" என்றேன்.

கத்தரி நின்றது. "சீசனுக்கு நடுவுல என்னடா இந்தக் கேள்வி?"

"இல்லை, சும்மா. பூனை அளவுக்கு ரெண்டாவது பந்தைப் பிடிச்சவன் யாரு?"

"பிடிச்சான். யாருக்குப் பிடிச்சான்? கடைசியில நமக்கு எதிரா நின்னுல்ல பிடிச்சான்! கோல்கீப்பர் வேலை என்ன மாப்ள? முன்னாடி ஆடறவன் ஓடலாம், நடுவுல ஆடறவன் ஓடலாம். இவன் நிக்கணும். நிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு வரிசையில இடம்?"

"தூண் பெஞ்சுல உக்காந்த அஞ்சு வருஷம் அவனுக்குத் திரும்பக் கிடைச்சுதா மச்சான்? அந்த வயசுல அவன் எப்படி ஆடியிருப்பான்னு நமக்குத் தெரியுமா?"

"நான்கூடப் பக்கத்து டிப்போவுக்கு மாறிட்டேங்க" என்றார் டிரைவர் துணிக்குள்ளிருந்து. "என் படத்தையும் திருப்பி மாட்டிடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போது நினைவுக்கு வந்திருக்கலாம், வரவில்லை.

"சரி மச்சான், ஒரு பேச்சுக்கு வைங்க. நம்ம பாப்பாவை அந்தக் கிளப் கூப்பிடுது. என்ன செய்வீங்க?"

"அவ போக மாட்டா."

"போனா?"

மருந்துக்கடைக்காரர் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தார். டிரைவர் கண்ணாடியில் மச்சானைப் பார்த்தார். தனியாகக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. கூட்டத்தில் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷமாக இந்தக் கூட்டத்துக்குத்தான் அவர் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போனா என்ன, எல்லாருக்கும் ஒரே சட்டம். படத்தைத் திருப்பி மாட்டிட்டு, அந்த அட்டையோட எவ்வளவு பேசுவேனோ அவ்வளவுதான் அவளோடயும் பேசுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று திரும்பிப் பார்த்தேன். வாசலில் பெரிய பையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

பையை வாசலிலேயே வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் ஏறினாள். மருந்துக்கடைக்காரர் தானாக நகர்ந்து இடம் விட்டார். பத்தாவது படத்தை ஆணியிலிருந்து எடுத்து, சுவரைப் பார்க்கத் திருப்பி, நேராக இருக்கிறதா என்று பார்த்து மாட்டினாள்.

"உங்களுக்கு வேலை மிச்சம்பா" என்றாள்.

மச்சான் கத்தரியோடு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சரின்னா போலாம்னு இருந்தேன். வேண்டாம்னா இருந்துடலாம்னும் இருந்தேன். மாமாகிட்ட அப்படித்தான் சொன்னேன். நீங்க என்னைக் கேக்கவே இல்லை, ஊருக்கே தீர்ப்பு சொல்லிட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மூணு வருஷமா வேர்வையே படாத ஜெர்சியை அம்மா துவைச்சுக் காயப்போடறாங்க. ஒரு பந்து, ஒரே ஒரு பந்து என் பக்கம் வந்துச்சாப்பா? பத்தாவது இடத்துலயே எத்தனை நாள் தொங்கறது?"

இறங்கினாள், செருப்பை மாட்டினாள், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அந்தப் பூதத்தைக் கூப்பிட்டுப் பாய் விரித்தவன் நான். எனக்கு என் மேலேயே அவ்வளவு கோபம் வந்தது.

மச்சான் டிரைவரின் காதோரத்தில் இரண்டு வெட்டு வெட்டினார். பிறகு கத்தரி காற்றை வெட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"காலையிலேயே."

"தனியாச் சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு?"

அவர் கத்தரியை மேசையில் வைத்தார். டிரைவருக்கு ஒரு பக்கம் முடி இருந்தது, ஒரு பக்கம் இல்லை. "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார் அந்த நல்ல மனிதர்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம். அவள் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். மச்சான் இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை, தெருவில் இறங்கிவிட்டார். ஒரு வேன் கீச்சென்று நின்று, ஓட்டியவன் அவருடைய பரம்பரையை விசாரித்தான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டபடி பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால், கடை வாசலில் பேக்கரிக்காரர் பாதி முக நுரையோடு நின்றுகொண்டிருந்தார்.

மச்சான் அவள் பக்கத்தில் போய் நின்றார். மேல்கோட்டெல்லாம் யாருடைய முடியோ. அவள் நிமிரவில்லை. போகாதே என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அல்லது சொல்லாமலே திரும்பிவிடுவார், அது இன்னும் மோசம்.

"அந்த டீம்ல டிஃபென்ஸ் ஓட்டை" என்றார்.

அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

"பெனால்டி கார்னர் அடிக்கறப்போ தடுக்க முதல்ல ஓடி வர்றாளே ஒருத்தி, அவ பாதியிலயே நின்னுடறா. பயந்தாங்கொள்ளி. பந்து அப்படியே உன் மேலதான் வரும்."

"வரட்டும்பா. வந்தாத்தான் நல்லது."

அவர் தலையை ஆட்டினார். ஒரு பஸ் வந்தது, அவளுடைய பஸ் இல்லை, போய்விட்டது. புகை கலையும் வரை காத்திருந்துவிட்டு மச்சான் அவளருகே குந்தி உட்கார்ந்தார். அவர் அப்படித் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சின்ன வயசுல இருந்து நம்ம கிளப்பு கோல் போட்டா எழுந்து நின்னு கை தட்டிருவேன். யோசிச்சுத் தட்டறதில்லைம்மா. கை தானாத் தட்டும். கண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே தட்டிரும்." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நீயும் நம்ம கிளப்பும் ஆடற அன்னிக்கு உனக்குக் கோல் விழுந்தா, நான் எழுந்து தட்டிருவேனேடீ. அதை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு."

அவள் அழுதுவிட்டாள். நானும்தான், அதில் என்ன வெட்கம்.

"தட்டினா தட்டுங்கப்பா" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வராம மட்டும் இருந்துடாதீங்க."

"கையெழுத்துப் போடறேன்னு அந்தக் கிளப்புல சொல்லிடு" என்றார். எழுந்திருக்க முடியாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்த பிறகும் விடவில்லை.

"மாப்ள, அன்னிக்கு நீ என் பக்கத்துலயே உக்காரு. அவளுக்குக் கோல் விழுந்தா என் ரெண்டு கையையும் கெட்டியாப் பிடிச்சுக்கோ. நான் எவ்வளவு உதறினாலும் விட்டுடாதே."