மூன்று கால் நாய்க்குப் பிறகு

"கொஞ்சம் மோசமாப் பேசிப் பழகுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "இவ்வளவு நல்லாப் பேசினா யாரு நமக்கு ஓட்டு போடுவாங்க?"

அண்ணி சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். உதட்டின் வலது பக்கத்தைத் தொங்க விட்டாள். "ந... ந... நல்லா இருக்கா?"

"பிரமாதம்! அப்படியே பழைய மாதிரி!"

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மருமகளாக வந்த புதிதில் மாமியார் வைத்தது. பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்பு சொல்கிற வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. பிறகு பக்கவாதம் வந்து ஒரு பக்கத்து உதடு தொங்கி, பேச்சும் போனது. நலம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார், "ரேடியோ ரிப்பேர்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ரிப்பேர் பார்த்தது நாத்தனார். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மையம் நடத்துகிறாள். கீழே டயர் கடை, மேலே மையம். கால் இழுத்துக்கொண்டவர்களை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் மாடியில் வைத்தால்தான் பயிற்சியே ஆரம்பமாகும். அங்கேதான் ரேடியோ ஒரு வருஷம் மேசை மேல் பஞ்சு உருண்டையை ஊதித் தள்ளினாள். உதட்டைக் குவித்தாள், விரித்தாள், கண்ணாடி பார்த்து அழுதாள். எல்லா எழுத்தும் திரும்பி வந்தன. கடைசியாக வந்தது 'ப'. அது வந்த அன்றைக்கு வீட்டில் பார்த்த பொருளையெல்லாம் பாத்திரம், பல்லி, படுக்கை என்று சத்தம் போட்டுச் சொன்னாள்.

நிலைய மேலாளர் நல்ல மனிதர். அவளுடைய நாற்காலியில் ஒரு பெண்ணைத் தற்காலிகமாக உட்கார வைத்திருந்தார். "திங்கட்கிழமை வாங்கம்மா. ஒரு தடவை மைக்ல சொல்லிக் காட்டுங்க. சரியா இருந்தா உங்க நாற்காலி உங்களுக்கு," என்று சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மாநாடு வந்தது.

ஊரிலுள்ள தொண்டு அமைப்புகளெல்லாம் கூடும் வருடாந்திர மாநாடு. இந்தத் தடவை நகர சபை ஒரு ஆசை காட்டியிருந்தது. பழைய தபால் அலுவலகத்தின் தரைத் தளம் காலியாகக் கிடக்கிறது. ஒவ்வொரு அமைப்பும் தன்னால் பயன்பெற்ற ஒருவரை மேடையேற்ற வேண்டும். அரங்கில் இருப்பவர்கள் ஓட்டு போடுவார்கள். அதிக ஓட்டு யாருக்கோ, அவர்களுக்கு அந்தத் தளம். இப்படி மேடையேறுகிறவருக்கு அமைப்புக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'ஆள்'. "உங்க ஆளு யாரு?" "எங்க ஆளு செம அழுகை." இதுதான் மாநாட்டின் தேநீர்ப் பேச்சு.

நாத்தனாரின் ஆள், ரேடியோ.

திட்டம் என்னவோ அழகாகத்தான் இருந்தது. முதலில் திக்கித் திணறிப் பேச வேண்டும். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, கடைசியில் பஸ் நிலைய அறிவிப்பு ஒன்றை மடமடவென்று சொல்லி முடிக்க வேண்டும். "முதல்ல திக்கல், கடைசியில அருவி. ஜனங்க எழுந்து நிப்பாங்க பாருங்க," என்றாள் நாத்தனார்.

ஜனங்கள் எழுந்துதான் நின்றார்கள். ஆனால் நாய்க்கு.

தெருநாய்க் காப்பகத்து அம்மாள் தன் ஆளாக ஒரு மூன்று கால் நாயைக் கூட்டி வந்திருந்தாள். பளபளவென்று மெழுகு போட்ட மேடையில் அது நாலடி வைத்ததும் வழுக்கி விழுந்தது. தானாகவே எழுந்தது. சபையைப் பார்த்து வாலை ஆட்டியது. அவ்வளவுதான். தொகுப்பாளர் கைக்குட்டையைத் தேடினார். முன்வரிசையில் மூக்குச் சிந்தும் சத்தம். ரத்ததானக் குழுவின் தலைவர், தங்கள் ஆளுக்கு இனிமேல் வேலையில்லை என்று தெரிந்தும், எழுந்து நின்று கை தட்டினார்.

நாத்தனாரின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. அண்ணியின் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். அடுத்தது அவர்கள் முறை. பின்னாலேயே ரேடியோவின் கணவனும் போனான். மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். யார் என்ன சொன்னாலும், "உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பழகியவன்.

"அண்ணி, அருவி வேண்டாம்."

"என்னது?"

"கடைசியில அந்த அறிவிப்பு வேண்டாம். திக்கலோடயே முடிச்சிடுங்க."

"அப்போ நான் தேறிட்டேன்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம். தேறிட்டீங்கன்னா அப்புறம் ரூம் எதுக்குன்னு கேப்பாங்க. அந்த நாய்க்குக் கால் முளைச்சுதா? முளைக்கல. அதனாலதான் தட்டுறாங்க."

"ஒரு வருஷம் பஞ்சு ஊதியிருக்கேன்டி நான்!"

"யாரு ஊத வெச்சது?"

நாத்தனார் விடவில்லை.

"உங்க வாயோரம் வழிஞ்சதைத் துடைச்சது யாரு? உங்க வீட்டுக்காரரா? அவரு அப்போ கடையை விட்டு வீட்டுப் பக்கமே வரல. கேளுங்க, இங்கதானே நிக்கிறாரு. நீயே சொல்லுண்ணா."

கணவன் திரைச்சீலையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தான். "ஒரு அஞ்சு நிமிஷம்தானே. தங்கச்சி இவ்வளவு கேக்குறா. பேசாம செஞ்சிட்டு வந்துடேன்."

"பேசாம எப்படிங்க செய்யுறது? பேசத்தானே கூப்பிட்டிருக்காங்க."

தொகுப்பாளர் மையத்தின் பெயரைச் சொல்லி அழைத்தார். நாத்தனார் அண்ணியின் தலைமுடியை லேசாகக் கலைத்துவிட்டாள். "போங்க. உதடு, உதடு!"

ரேடியோ மேடைக்குப் போனாள். உதட்டைத் தொங்க விட்டாள்.

நன்றாகச் செய்தாள். அதை மறுக்க முடியாது. "வ... வ... வணக்கம்" என்பதற்குள் சபை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டது. பேச்சு போன நாட்களில் மகனைக் கூப்பிட முடியாமல் தட்டைத் தரையில் தட்டிய கதையைச் சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை விழுந்து எழுந்தாள். நாயை விட அதிக தடவை விழுந்தாள். யாரோ விசும்பினார்கள். விசும்பல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள்.

நிலைய மேலாளர்.

சட்டையில் மாநாட்டு அட்டை தொங்க, பக்கவாட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொண்டு அமைப்புகளுக்கு இலவசப் பயண அட்டை கொடுப்பதாகப் போக்குவரத்து நிறுவனம் ஒரு மேசை போட்டிருந்தது. அந்த மேசைக்கு வந்தவர், கூட்டத்தோடு உள்ளேயும் வந்துவிட்டார். ரேடியோவைப் பார்த்து, 'பரவாயில்லை, பரவாயில்லை' என்பது போல மெல்லத் தலையசைத்தார்.

திங்கட்கிழமை நாற்காலி போச்சு! நாத்தனாராவது, ரூமாவது! இந்த நிமிஷமே அருவியைத் திறந்துவிட வேண்டியதுதான். நிமிர்ந்தாள். மைக்கைக் கிட்டே இழுத்தாள். ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். பயணிகளின் கனிவான கவனத்துக்கு.

"ப..."

உதடு ஒட்டிக்கொண்டது.

இது நடிப்பில்லை. மூச்சு கன்னத்துக்குள் முட்டி நின்றது. வலது பக்கம் மரத்துப் போனது. மறுபடி முயன்றாள். "ப... ப..." வாயோரம் எச்சில் இறங்குவது தெரிந்தது. துடைக்கக் கையை எடுத்தபோது மைக்கில் தட்டி, 'டொம்' என்று அரங்கம் முழுக்க ஒலித்தது. சபையில் ஒருவர் பாக்கியில்லாமல் அழுதார்கள். ஓரத்தில் நின்ற நாத்தனார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

நாய் தோற்றது.

வெளியே தாழ்வாரத்தில் மேலாளர் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். ரேடியோ ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு அவரிடம் ஓடினாள். வாய் இப்போது சரியாகிவிட்டிருந்தது.

"சார், அது நடிப்பு சார். மேடைக்காகச் செஞ்சது. எனக்கு நல்லாவே வரும். திங்கட்கிழமை வந்துடறேன்."

"நடிப்பா?" மேலாளரின் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. நாய்க் காப்பகத்து அம்மாள் சட்டென்று திரும்பினாள். தொகுப்பாளரும் திரும்பினார்.

தரைத் தளத்துச் சாவிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்த நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். ஒரு நொடிதான் யோசித்தாள். அண்ணியின் தோளில் கை போட்டாள்.

"அப்படித்தான் சார் சொல்வாங்க, பாவம். தனக்குச் சரியாயிடுச்சுன்னு ஒரு நினைப்பு. இந்த மாதிரி நின்னு பேசுறப்ப வரும். மைக்கைப் பாத்தா போயிடும். நீங்களே பாத்தீங்களே."

"பொ..." ரேடியோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "பொ... பொய்!"

ஒரே ஒரு தடவைதான் தடுக்கியது. அது போதுமாக இருந்தது. நாய்க் காப்பகத்து அம்மாள், "ச்சு... ச்சு..." என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலாளர் கோப்பையை வைத்துவிட்டு, குழந்தையிடம் பேசுவது போலக் குனிந்து பேசினார்.

"ஒண்ணும் அவசரமில்லம்மா. உடம்பைப் பாத்துக்குங்க. அந்தப் பொண்ணு பாத்துக்கும்."

அப்படியும் திங்கட்கிழமை போனாள். உட்கார வைத்து, விசிறியை அவள் பக்கம் திருப்பி, பிஸ்கட் கொடுத்தார். மைக்கை மட்டும் கொடுக்கவில்லை. "எதுக்கும்மா சிரமம்?" என்றார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண், துறைமுகம் போகும் வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்பதைத் தப்பாகச் சொல்லி, திருத்திச் சொன்னாள்.

வீட்டில் மாமியார் கேட்டார். "என்ன, ரேடியோ மறுபடியும் ரிப்பேரா?"

அடுத்த மாதம் தபால் அலுவலகத்தில் மையத்தின் திறப்பு விழா. நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆளுயரப் படம் மாட்டியிருந்தது. மேடையில் மைக் முன்னால் ரேடியோ. வாய் ஒரு பக்கம் கோணி, ஓரத்தில் எச்சில் மின்னியது.

"படம் நல்லா வந்திருக்குல்ல?" என்றாள் நாத்தனார்.

"உனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றான் கணவன், மனைவியிடம்.

மாநாட்டுக்கு வந்த எல்லோரும் வந்திருந்தார்கள். தொகுப்பாளர், நிலைய மேலாளர், காப்பகத்து அம்மாள், நாய். நாத்தனார் மைக்கை நீட்டினாள். "அன்னிக்கு மாதிரியே ரெண்டு வார்த்தை அண்ணி," என்று காதோரம் சொன்னாள்.

ரேடியோ மைக்கை வாங்கினாள். மேலாளரைப் பார்த்தாள். பயம் வரவில்லை. இழப்பதற்கு நாற்காலி இருந்தால்தானே பயம்? உதட்டைக் குவித்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்துக்கு." மணி அடித்த மாதிரி வந்தது. "இந்தத் தரைத் தளம் பொய் சொல்லிப் பெறப்பட்டது. என்னைத் திக்கச் சொன்னவர் என் நாத்தனார். நான் நன்றாகப் பேசினால் நாயிடம் தோற்றுவிடுவோம் என்று அவர் அஞ்சினார். இதன் காரணமாக என் வேலை ரத்து செய்யப்பட்டது. தடங்கலுக்கு வருந்துகிறோம்."

நாத்தனாருக்கு முகம் வெளுத்தது.

காப்பகத்து அம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "அம்மாடி! என்ன சுத்தமாப் பேசுறாங்க!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "நாய்கிட்ட தோத்துடுவோமாம்!" "தடங்கலுக்கு வருந்துறாங்களாம், கேட்டியா?" சிரிப்பு சுவரிலிருந்து சுவருக்குப் பரவியது. யாரோ எழுதிக் கொடுத்த நகைச்சுவை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கைதட்டல் எழுந்தது. நாய் குரைத்தது.

"இல்ல, நிஜமாத்தான் சொல்றேன்," என்றாள் ரேடியோ. அதுவும் தெளிவாகத்தான் வந்தது. அதற்கும் தட்டினார்கள்.

நாத்தனாருக்கு உயிர் வந்தது. ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். "பாத்தீங்களா! ஒரே மாசத்துல! இதான் எங்க மையம்!"

மேலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டியிருந்தது. "அசத்திட்டீங்கம்மா! என்ன குரல்! அடடா, போன வாரம்தான் அந்தப் பொண்ணை நிரந்தரமாக்கினேன்." கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தது. நாத்தனார் எதிர்ச் சுவருக்கு ஏணி போட்டு ஏறினாள். அண்ணன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஆளுயரப் படத்தைக் கழற்றி அவனிடம் இறக்கினாள். அவன் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"எதுக்கு எடுக்குற?" என்றாள் ரேடியோ.

நாத்தனார் ஆணியைப் பிடுங்கியபடியே சொன்னாள். "அடுத்த மாநாட்டுக்கு வேற ஆளுதான் பாக்கணும். இனிமே நீங்க எதுக்கும் லாயக்கில்ல அண்ணி. இவ்வளவு நல்லாப் பேசிட்டீங்களே, ஊரே கேட்டுடுச்சு."