தேய்த்தது போதும்

டார்லா மறுபடியும் ஸ்பூனை அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனாள். ஓரெஸ்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பீட்ரூட் சூப் தாடையில் வழிந்தது.

"வயலுக்கு நீலம் கேட்டாங்கம்மா, தபாலை வழிச்சுட்டேன்," என்றார் வாஞ்சையாக.

"ஆமாப்பா," என்றாள்.

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி செத்ததிலிருந்து இப்படித்தான். பேச்சு மடை திறந்து கொட்டும், பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் அவருக்கு வெறும் சத்தம்தான்.

இப்போது இதயமும் ஓய்ந்துகொண்டு வந்தது. வயிற்றில் குழாய் போட்டால் சில வாரம் கிடைக்கும், வேண்டாமென்றால் இப்படியே நிம்மதியாக விடலாம், அவருக்கு எது விருப்பம் என்று நர்ஸ் ஜோலின் காலையில் கேட்டாள். கேள்வியே அவரைப் போய்ச் சேராதே! அண்ணன் கெல்வின், உன் இஷ்டம் என்று போனில் கழன்றுகொண்டான். டார்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர் ஐஸ் அரங்கில், கனமான கல்லை எதிர்க்கோடி வட்டத்துக்கு வழுக்கிவிடும் கர்லிங் ஆட்டத்தில், ஓரெஸ்ட் அணித் தலைவர். வழுக்கி வரும் கல்லுக்கு முன்னால் டார்லா துடைப்பத்தால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே ஓடுவாள். தேய்த்தால் கல் இன்னும் தூரம் போகும். எதிர்க்கோடியில் அவர் உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்திவிட வேண்டும். வந்த வேகம் போதும், கல் தானே போய்ச் சேரும். பேச்சு குழம்பிய பிறகும் அங்கே மட்டும் அவருக்கு எல்லாம் புரிந்தது.

டார்லா காருக்குப் போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தாள். சூப் இருந்த சக்கர மேசையைக் கட்டிலை நோக்கி மெல்லத் தள்ளிவிட்டு, அதன் முன்னால் குனிந்து தரையைத் தேய்த்தாள். கண் அப்பாவின் மேலேயே இருந்தது.

"தரையெல்லாம் காலைலயே தொடச்சாச்சே," என்றாள் வாசலில் ஜோலின்.

ஓரெஸ்ட் கண்ணைச் சுருக்கி மேசையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கை மெல்ல உயர்ந்தது. உள்ளங்கை விரிந்தது.

அவள் பார்க்காதவள்போல் இன்னும் வேகமாகத் தேய்த்தாள். ஆட்டத்திலும் அவளுக்கு இந்தப் பிடிவாதம் உண்டு, திட்டும் வாங்குவாள். கை இறங்கவில்லை.

"மணி அடிச்சாச்சும்மா, பால் வேணாம் கூரைக்கு," என்றார், அதே பழைய அதட்டலோடு.

டார்லா நிமிர்ந்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"குழாய் வேண்டாமாம்," என்றாள் ஜோலினிடம்.

மூன்றாம் நாள் மதியம், அவள் கையைப் பிடித்திருந்தபோதே அவர் போய்விட்டார்.

தேவாலய வாசலில் அணியினர் இருபுறமும் நின்று துடைப்பங்களை வளைவாக உயர்த்தியிருந்தார்கள். சவப்பெட்டி வைத்த சக்கர வண்டி சரிவில் மெதுவாக நகர்ந்தது. முன்னால் நடந்த டார்லாவின் கை பரபரத்தது. துடைப்பத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.