டெல்சி எதை விட்டாள்?

சாம்பல் புதன் பூசை முடிந்து வந்த கையோடு ரெஜினா பிள்ளைகள் இரண்டையும் சமையலறையில் நிற்கவைத்தாள். நெற்றிச் சாம்பல் அழிவதற்குள் தவக்காலத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். இல்லாவிட்டால் போன வருஷம் மாதிரி மூன்றாவது வாரத்தில்தான் ஞாபகம் வரும்.

"ஈஸ்டர் வரைக்கும் ஆளுக்கு ஒண்ண விடணும். பாவக்காய விடறேன், பள்ளிக்கூடத்த விடறேன்னெல்லாம் வரக்கூடாது. நொம்பப் பிடிச்சது எதுவோ அதத்தான் விடணும்."

ஒன்பது வயது ஆல்வின் செல்போன் கேமை விட்டான். எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் புருஷன் ஜாபெஸ், கறியை விட்டான். ரெஜினா காபியை விட்டாள். நாகலூரில் காபித் தோட்டத்துக்கு நடுவில் குடியிருந்துகொண்டு, பகல் முழுக்கக் கொட்டை பொறுக்குகிற வேலையும் பார்த்துக்கொண்டு, காபியை விடுவதென்றால் சும்மாவா? அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆறு வயது டெல்சி மட்டும்தான் பாக்கி.

"நீ எதக் கண்ணு விடறே?"

"விட்டாச்சு. ஆனா சொல்ல மாட்டேன். யாருக்கும் தெரியாமச் செய்யணும்னு மறைக்கல்வி டீச்சர் சொல்லியிருக்காங்க."

ரெஜினா விடுவாளா? கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். பிஸ்கட்டா என்றால் பாக்கெட் பாக்கெட்டாக உள்ளே போனது. கார்ட்டூனா என்றால் அதுவும் ஓடியது. பொம்மை, ஊஞ்சல், தயிர்சாதத்துக்குச் சர்க்கரை, எதுவும் குறையவில்லை. ஆல்வின் நாலாம் நாளே கம்பளிக்குள் செல்போனோடு பிடிபட்டான். ஜாபெஸ் இரண்டாம் வாரம் கரடியூரில் ஒரு காதுகுத்துக்குப் போய், பிரியாணியை எதிரில் வைத்தால் எப்படி எழுந்து வருவது என்று தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். அவர்களாவது முயற்சி செய்தார்கள். இந்தப் பொடிசு சுத்தமாக ஏமாற்றுகிறது என்றே ரெஜினா முடிவு கட்டினாள். ஒன்று மட்டும்தான் இடித்தது. வேலை முடிந்து அவள் ஐந்து மணிக்கு வரும்போதெல்லாம் டெல்சி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீடு ஜாபெஸின் தம்பி ரஞ்சித்துடையது. நடுவில் ஒரே சுவர். ரஞ்சித்தின் மனைவி சரண்யா சேலத்துக்காரி. கல்யாணத்துக்குப் பிறகுதான் மாதா கோயிலுக்கு வரத் தொடங்கியவள். ஏற்காட்டில் ஓட்டல் ஒன்றில் காலை ஷிப்ட். மூன்று மணிக்கே வீடு திரும்பிவிடுவாள் என்பதால், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இரண்டும் அவளிடம்தான் இருக்கும். போன ஆகஸ்ட் மாதம் வரைக்கும் அப்படித்தான்.

ஆகஸ்டில் ஒரு நாள் டெல்சி பாலைக் கொட்டினாள் என்று ரெஜினா இரண்டு வைத்தாள். "கொழந்தைய இப்படி அடிக்காதீங்கக்கா" என்று சரண்யா குறுக்கே வந்தாள். வேலைக் களைப்பு, எரிச்சல், நாக்கில் சனி. "பெத்தவளுக்குத் தெரியும். நீ ஒண்ணு பெத்துக் காட்டு, அப்புறம் வந்து எனக்குச் சொல்லு" என்றுவிட்டாள் ரெஜினா. சரண்யாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அவள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாய் தவறிவிட்டது என்று அந்த நிமிஷமே ரெஜினாவுக்குத் தெரியும். தெரிந்தும் வீம்பு. ஆல்வினிடம் ஒரு சாவியைக் கொடுத்து, இனி சித்தி வீட்டு வாசலை மிதித்தால் காலை ஒடிப்பேன் என்று பிள்ளைகளை மிரட்டியும் வைத்தாள். ஏழு மாதமாகப் பேச்சில்லை.

நாலாவது சனிக்கிழமை மத்தியானம் ரெஜினா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டல் யூனிபார்ம் சேலையைக்கூட மாற்றாமல் சரண்யா எதிரில் வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கொழந்தைய வரக்கூடாதுன்னு அடிச்சீங்களா?"

"எங்க வரக்கூடாதுன்னு?"

"எங்க ஊட்டுக்குத்தானுங்க." ரெஜினாவுக்குத் தெரியாமல்தான் குழந்தை வந்துபோயிருக்கிறது என்று சரண்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "தெனமும் நாலு மணிக்கு ஓடி வந்துருமுங்க. நீங்க வர்றதுக்குள்ள போயிரும். இப்ப இருபத்தஞ்சு நாளாச்சு, எட்டிப் பாக்கல. கூப்பிட்டா காதப் பொத்திக்கிட்டு ஓடுது. எம்மேல கோவம்னா என்னைத் திட்டுங்க. அவள ஏனுங்க பிரிக்கறீங்க?"

பதிலுக்கு நிற்காமல் அழுதுகொண்டே போய்விட்டாள்.

ரெஜினாவுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். இத்தனை மாதமாக இந்தச் சுண்டைக்காய் தன் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறதே! ஈரக் கையோடு உள்ளே போய் டெல்சியை இழுத்து நிறுத்தினாள்.

"எத்தன நாளாடி என்ன ஏமாத்துனே?"

டெல்சி இரண்டு கையாலும் கன்னத்தை மறைத்துக்கொண்டாள். "இப்பத்தான் போறதில்லையேம்மா. விட்டுட்டேன்ல."

"என்னத்த விட்டே?"

"சித்திய. நொம்பப் பிடிச்சதத்தான் விடணும்னு நீதானே சொன்னே."

ஓங்கிய கை தானாக இறங்கியது. பெற்றவள் நான் இருக்க, நொம்பப் பிடித்தது அவளா என்று பொறாமைதான் முதலில் சுருக்கென்று தைத்தது. வெட்கம் அதற்குப் பின்னால் வந்தது. வந்தது போகவில்லை. ரெஜினா தரையில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"போதும் சாமி. அம்மா சொல்றேன், இப்பவே சித்திகிட்டப் போ."

"மாட்டேன். இன்னும் ஈஸ்டர் வரல."

"பரவால்ல, போ கண்ணு."

"நீ காபி குடிச்சியா?"

"இல்ல."

"அப்புறம்?"

குழந்தையை அனுப்பிவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும், தான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தாள். அந்த வழியும் அடைபட்டது. கையைத் துடைத்துக்கொண்டு அவளே போனாள். பத்தடி தூரம்தான், போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

சரண்யா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நான் பிரிக்கல சரண்யா. தவக்காலத்துக்கு அவ உன்ன விட்டுட்டாளாம். நொம்பப் பிடிச்சத விடணும்னு நாஞ் சொன்னத அப்படி எடுத்துக்கிட்டா. ஈஸ்டர் அன்னிக்கு ஓடி வந்துருவா."

"என்னையுங்களா? திங்கற பண்டத்தத்தானுங்க விடுவாங்க?" சரண்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வந்த காரியம் முடிந்தது என்று அதோடு திரும்பியிருக்கலாம். ரெஜினா நகரவில்லை.

"அன்னிக்கு நாஞ் சொன்னது..."

"வேண்டாமுங்கக்கா."

"இல்ல, சொல்லியாகணும். பெத்துக் காட்டுன்னு சொன்னேன். உன்னப் பாத்து நான் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. தப்பு என்னுது. மன்னிச்சுரு."

சரண்யா கதவைப் பிடித்தபடியே நின்றாள். "அது தெனமும் என் காதுல கேக்குதுங்க. கொழந்த வந்து போற அந்த ஒரு மணி நேரம் மட்டும் கேக்காது. இப்ப அதுவும் இல்ல."

ரெஜினா அழுதுவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "ஈஸ்டருக்கு இன்னும் மூணு வாரம் கெடக்குது. அதுவர அவ வரமாட்டா, அழுத்தக்காரி. நான் வரட்டுமா?"

"நீங்க வந்தா எனக்கு அந்தப் பேச்சுத்தானுங்க ஞாபகம் வரும்."

"வரட்டும். வர்றப்பெல்லாம் என்னத் திட்டு. ஒக்காந்து கேட்டுக்கறேன்."

சரண்யா கதவை முழுசாகத் திறந்தாள்.

"அப்படீன்னா உள்ள வாங்க. இன்னிக்கே ஆரம்பிச்சர்றேன்."