நவநீதன் வீட்டு ஹாலில் விழுந்த நிழல்கள்

காட்டூரில் நவநீதன் வீட்டு எல்இடி பல்புகள், வெளிச்சத்தோடு அன்று பகலில் மொட்டை மாடியில் விழுந்த நிழல்களையும் சேர்த்தே கொடுத்தன. மின்வெட்டில் சலித்துப்போன நவநீதன், ஈபி இணைப்பையே துண்டித்துவிட்டு மாடியில் சோலார் தகடுகளும் படிக்கட்டுக்குக் கீழே பேட்டரிகளும் வைத்த முதல் சாயங்காலமே அது தொடங்கிவிட்டது. ஹால் சுவரில் ஒரு காக்கை தத்தித் தத்திப் போனது. அதன் பின்னால் கொடியில் காயப்போட்ட புடவை ஆடியது. தகடு பொருத்திய சரவணன் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "வெயிலைப் பிடிச்சு வைக்கிறோம் சார். நிழலும் கொஞ்சம் கூடவே வந்துருது. வாரண்டியில இது வராதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் பழகிக்கொண்டார்கள்.

அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்த நவநீதனுக்கு முந்தைய வருடம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இனி சிகரெட்டைத் தொடுவதில்லை என்று சமயபுரத்தில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். பட்டறையில் பிடித்தால் ஆட்கள் வீட்டில் போட்டுக்கொடுத்துவிடுவார்கள். அதனால் மத்தியானம் சாப்பிட வரும்போது, கொஞ்ச நிழல்தானே வருகிறது என்ற தைரியத்தில், தகட்டைத் துடைக்கிறேன் என்று மாடிக்குப் போய்வந்தார். ஒருநாள் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது டிவிக்கு மேலே ஒரு நிழல் குந்தி உட்கார்ந்து புகை விட்டது. புகைக்குக்கூட நிழல் விழுந்தது.

"யாருங்க அது?" என்றாள் மனைவி அனுசுயா.

"சரவணனா இருக்கும்."

"சரவணனுக்கு ஏதுங்க இவ்வளவு தொப்பை?"

நிழல் சிகரெட்டை நசுக்கி எழுந்து போகும்வரை அவள் பார்த்தாள். பிறகு டிவியை அணைத்தாள். "ஐசியு வாசல்ல உக்காந்திருந்தது நான்தாங்க. அது உங்களுக்குத் தெரியாது" என்றாள். ஈபிக்கே திரும்பிவிடலாமா என்று அவர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். "வேணாம். இந்த லைட்டே இருக்கட்டும்" என்றாள். அதற்குமேல் ஒளிய இடமில்லாமல் சிகரெட் நின்றது.

மறுவருடம் மகளின் இரண்டாவது பிரசவத்துக்கு அனுசுயா சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் முழுக்கக் குடையில்லாமல் மாடியில் நின்றாள். சாப்பாட்டைக்கூட நவநீதன் மேலே கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று நிறைந்த பேட்டரியில் ஒன்றைத் தனியாகக் கழற்றிவைத்து, அதில் ஒரே ஒரு பல்பை மாட்டிக்கொண்டார். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் அதைப் போடுவார். இடுப்பில் கைவைத்த நிழல் எதிர்ச் சுவரில் வந்து நிற்கும். எல்இடி கொஞ்சமாகத்தான் இழுக்கும் என்பதால், அவள் திரும்பி வரும்வரை அது தாக்குப்பிடித்தது.