மாடு ஏற மறுத்த வண்டி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நானாகத் தேடிப் போகவில்லை. ஆம்புலன்ஸ், குளிர்பெட்டி லாரி, நடமாடும் மருத்துவமனை என்று வண்டிகளுக்கு பாடி கட்டும் ஒரகடம் கம்பெனி ஒன்று, தன் வெள்ளிவிழா மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொன்னது. தொடங்கினேன்:

'இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், மண்ணூர் அருகே ஒரு தகரக் கொட்டகையில், ஒரு கனவு...'

(தகரக் கொட்டகையும் கனவும் இல்லாத கம்பெனி மலர் உண்டா? அடித்துவிட்டேன்.)

2

மஞ்சுளாவிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளைப்பாக்கத்துக்காரி. வண்டிகளுக்குத் தரைத்தகடு பொருத்துபவள். வீட்டில் மூன்று மாடுகள்.

போன வருஷம் கம்பெனி முதன்முதலாகக் கால்நடை ஆம்புலன்ஸ் கட்டியது. டிசைன் தலைவர் நரசிம்மன், மாடு ஏறவேண்டிய சாய்தளத்தில் மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதித்தார்.* வண்டி வாங்கவந்த கால்நடைத் துறை அதிகாரிகள் முன்னால் நிஜ மாடு வந்தது. பளபளக்கும் அலுமினியத்தில் ஒரு கால் வைத்தது. தகடு 'டங்' என்றது. அவ்வளவுதான், நாலு பேர் தள்ளியும் நகரவில்லை. நாற்பது வண்டி ஆர்டர் கைநழுவப் பார்த்தது.

"மாடு இன்னா மூட்டையா சார்? கால் வழுக்குனா எப்டி ஏறும்?" என்றாள் மஞ்சுளா. தகட்டின் மேல் ரப்பர் விரிப்பைப் போட்டாள். சாய்தளத்துக்குப் பக்கத்துப் பள்ளம் மாட்டின் கண்ணில் படாதபடி இருபுறமும் பலகை அடைத்தாள். மாடு, மாமியார் வீட்டுக்குப் போகும் புது மாப்பிள்ளையாக நிதானமாய் ஏறியது.

(* மூட்டை அடம் பிடிக்காது. சோதனை செய்பவர்களுக்கு அதனால்தான் அதைப் பிடித்திருக்கிறது.)

3

கதைக்கு நான் எழுதிய முதல் முடிவு: முதலாளி மேடையில் சால்வை போர்த்துகிறார். மஞ்சுளா கண்கலங்கி...

அவளிடமே படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"நான் எங்க சார் அழுதேன்? சால்வைய நீங்களே வெச்சிக்கங்க. ரப்பரு, பலகையெல்லாம் சேத்துப் போட்ட டிராயிங்ல கீழ ஒரு கட்டம் கீதுல்ல, டிசைன் பண்ணவங்க பேரு போடறதுக்கு? அதுல நரசிம்மன் சார் தன் பேர போட்டுகினாரு. அங்க என் பேரு வரணும். டிசைன் செக்‌ஷன்ல ஒரு எடம் காலியா கீது. டிராயிங்ல என் பேரக் காட்டித்தான அந்த எடத்த நான் கேக்க முடியும்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது.

4

இரண்டாம் முடிவு: நரசிம்மன் மனம் திருந்தி...

(நேற்று அவரைப் பார்த்தேன். "கம்பெனி வரலாறுல கம்பெனி பேரு போதும் சார், ஆளுங்க பேரு எதுக்கு?" என்றார். அவர் பேரை எடுத்துவிடலாமா என்றேன். போன் வந்துவிட்டது அவருக்கு.)

5

மலரில் அந்த வரைபடத்தை முழுப்பக்கம் போட்டிருக்கிறேன். கட்டத்திலிருந்த பெயரை நீக்கிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் முதலாளி பார்ப்பார், "இங்க யாரு பேரு வரணும்?" என்று கேட்பார். நான் சொன்னால், கதை எழுதுகிறவன் கட்டிவிட்டான் என்பார்கள்.

சாட்சி வேண்டும். நீங்கள் இருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டு, எனக்கொன்றும் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.