மரியதாஸின் மூக்கு

மனித மூளை எங்கெங்கே தவறும் என்பது அறிவழகனுக்கு அத்துப்படி. மரக்காணத்து உப்பளக்காரர்கள் சங்கத் தலைவர் என்ற முறையில், சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் மூன்று நாள் நடந்த ‘தலைவர்களுக்கான முடிவெடுக்கும் திறன்’ பயிற்சிக்குப் போய்வந்தவர் அவர். போகும்போது நம்மைப் போல ஒரு சாதாரண ஆள். திரும்பும்போது தோளில் ஒரு பை, கையில் சட்டம் போட்ட சான்றிதழ், மண்டையில் மற்றவர்கள் எப்படியெல்லாம் தப்பாக யோசிக்கிறார்கள் என்ற ஞானம். தான் தப்பாக யோசிப்பதைப் பற்றிய பாடம் கடைசி நாள் பிரியாணிக்குப் பிறகு நடந்ததாம். அதில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார்.

அதன் பிறகு ஊரில் யாரும் நிம்மதியாக ஒரு முடிவு எடுக்க முடியவில்லை. டீக்கடையில் ஒருவன் வழக்கமான டீயைக் கேட்டால் ‘பழக்கச் சாய்வு’ என்பார். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பஸ்ஸில் ஏறினால் ‘மந்தை மனப்பான்மை’.

மே மாதம் அவருக்கே ஒரு முடிவு வந்து வாய்த்தது. பாத்திகளில் உப்பு பூத்திருந்தது. அன்றே வாரினால் பொடி உப்பு, வியாபாரி முகம் சுளிப்பான். இன்னும் நாலைந்து நாள் வெயில் அடித்தால் கல் கல்லாக இறுகும். ஆனால் வங்கக் கடலில் ஒரு தாழ்வுநிலை. மழை விழுந்தால் பாத்தியில் இருப்பதெல்லாம் மறுபடி வெறும் தண்ணீர். ஏற்கெனவே ஒரு முறை கோடை மழையில் கரைந்த வருஷம் அது. இதுவும் போனால் சீசனே போன மாதிரி. தலைவர் என்ன செய்கிறார் என்று மற்ற உப்பளக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துப் பாத்திக்கார மரியதாஸ் மட்டும் யாரையும் பார்க்காமல் வாரிக்கொண்டிருந்தான்.

“மரியதாசு, இதுக்குப் பேரு இழப்பு பயம்,” என்றார் அறிவழகன், வரப்பில் நின்றபடி.

“பேரு இருந்துட்டுப் போவட்டும் தலைவரே. அந்தத் தார்ப்பாய் நுனியக் கொஞ்சம் புடிங்க.”

அறிவழகன் போனை எடுத்தார். வானிலைக்கென்றே நாலு ஆப் வைத்திருந்தார். முதலாவதில் இடி, இரண்டாவதில் குடை, மூன்றாவதில் கருமேகம். நாலாவதில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் சூரியன். அந்த ஆப்பின் மீது தனக்கு எப்போதுமே ஒரு மரியாதை உண்டு என்பது அந்த நிமிஷம் அவருக்கு ஞாபகம் வந்தது.

“எதுக்கும் அம்மன் கோயில்ல பூ கட்டிப் பாத்துடலாங்க,” என்றாள் மனைவி வசந்தா. மூடநம்பிக்கையை நேரில் ஆராயலாமே என்று அவரும் கூடப் போனார். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்து, பூசாரி தங்கராசு அம்மன் காலடியில் வைத்தார். சிவப்பு வந்தால் வாரிவிடுவது, வெள்ளை வந்தால் விட்டுவைப்பது. வசந்தா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

“ஒரு தடவை போட்டா செல்லாது வசந்தா. சாம்பிள் பத்தாது.”

“அம்மன்கிட்ட இன்னாங்க சாம்பிளு?”

“சயின்ஸ்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். இன்னொரு வாட்டி எடு.”

மறுபடியும் சிவப்பு.

“வரிசையா ஒரே மாதிரி வருதுன்னா மடிக்கிறதுல கோளாறு. குடுங்க, நான் மடிக்கிறேன்.”

“தலைவரே, பின்னாடி ஆளுங்க நிக்குது,” என்றார் தங்கராசு.

மூன்றாவதாக வெள்ளை வந்தது. அறிவழகன் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பாத்தியா? ஆத்தாளே சொல்லிட்டா.”

“அப்போ ரெண்டு வாட்டி செவப்பு வந்துச்சே?”

“அது பழைய டேட்டா.”

பாத்தியை விட்டுவைத்தார். மற்றவர்களும் விட்டுவைத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் பிடித்த மழை ஞாயிறு சாயந்திரம்தான் விட்டது. அறிவழகன் போய்ப் பார்த்தபோது பாத்திகளில் வானம் தெரிந்தது, உப்பு தெரியவில்லை. அந்த உப்பளங்களிலேயே வெள்ளையாக இருந்தது மேட்டில், தார்ப்பாய்க்கு அடியில், மரியதாஸின் குவியல் ஒன்றுதான்.

“முடிவு சரியான முடிவுதான். விளைவுதான் தப்பாப் போச்சு,” என்று வீட்டில் விளக்கினார். வசந்தா சாம்பாருக்கு உப்பு போட்டாள், கடையில் வாங்கிய பாக்கெட் உப்பு.

ஆனாலும் அந்தக் குவியல் அவரை உறுத்தியது. திங்கட்கிழமை காலை மரியதாஸுக்கு டீ வாங்கிக் கொடுத்து எதிரே உட்கார்ந்தார்.

“மரியதாசு, வாரிடணும்னு எப்படிப்பா முடிவு பண்ணின?”

“ஞாயித்துக்கெழம பொம்மையார்பாளையத்துல அக்கா பொண்ணுக்குச் சர்ச்சுல மொத தடவ நன்மை குடுக்குறாங்க, புதுநன்மை விருந்து தலைவரே. தாய்மாமன் நானு. ரெண்டு நாள் முன்னாடியே போயி பந்தல், பாத்திரம்லாம் பாக்கணும். உப்பப் பாத்தியில போட்டுட்டுப் போனா மனசு அங்க ஒட்டாது. அதான் வாரி மூடிட்டுப் போயிட்டேன்.”

“மழை வரும்னு தெரியாமலா வாரின?”

“தெரிஞ்சிருந்தா துணிப் பந்தல் போட்டிருப்பேனா? பிரியாணி அண்டாவுல தண்ணி ரொம்பிப் போச்சு. எங்கக்கா இன்னும் எங்கூடப் பேசல.”

அறிவழகன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். புத்திசாலியிடம் தோற்றிருந்தால் பரவாயில்லை. அனுபவசாலியிடம் தோற்றிருந்தாலும் மேடையில் சொல்லிக்கொள்ளலாம். ஒரு விருந்துப் பத்திரிகையிடம் தோற்றதை எந்தப் பயிற்சியில் போய்ச் சொல்வது?

“நல்லா யோசிச்சுப் பாரு. அன்னைக்குக் காத்து எப்படி இருந்துச்சு?”

“காத்து காத்தாட்டம்தான் இருந்துச்சு.”

“அதுல வாசனை எதுனா?”

“வாசனையா?”

“ஈர வாசனை?”

மரியதாஸ் அவரைப் பார்த்தான். சங்கத் தலைவர் தன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதுவரை அவன் பேச்சுக்காக யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை, ஆரோக்கியசெல்வி உட்பட. அவள் அவனுடைய மனைவி.

“இருந்திருக்கும் தலைவரே. கொஞ்சம் ஈர வாசனைதான்.”

அறிவழகன் மேஜையைத் தட்டினார். “அதத்தான் உன் உள்மனசு புடிச்சிருக்கு! நீ புதுநன்மைக்காகன்னு நெனச்சுக்கிட்ட!”

டீக்கடையில் அந்தக் கதையை முதல் தடவை சொன்னபோது வாசனையும் விருந்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பக்கத்து ஊரான பிரம்மதேசம் போய்ச் சேர்ந்தபோது விருந்து காணாமல் போய், காற்றுக்குத் திசை வந்திருந்தது. சங்கக் கூட்டத்தில் மரியதாஸுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். “கெழக்கேருந்து கொண்டல் காத்து மூக்குல ஏறுனதும் முடிவு பண்ணிட்டேன்,” என்று மைக்கில் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே கண் கலங்கியது. முதல் வரிசையில் இருந்து பலமாகக் கைதட்டியவர் அறிவழகன். மரியதாஸைத் தவிர, துணிப் பந்தலைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளும் அந்தக் கூட்டத்தில் அவர்தான்.

அடுத்த மாதம் மறுபடி உப்பு பூத்தது. மறுபடி கிழக்கே கறுத்தது. சீசனில் மிச்சமிருந்தது அந்த ஒரு வாரல்தான். சங்கமே வரப்பில் வந்து நின்றது. அறிவழகனின் போனில் நாலு ஆப்பும் குடையைக் காட்டின. நாலாவதைக் கூட இன்னொரு முறை திறந்து பார்த்தார். சூரியன் வரவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு மரியதாஸைப் பார்த்தார்.

மரியதாஸ் கடல் பக்கம் திரும்பி மூக்கைத் தூக்கினான். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் உறிஞ்சிவிட்டு, பக்கத்தில் நின்ற ஆரோக்கியசெல்வியிடம் தலையைச் சாய்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டான். “இந்த வாரம் நமக்கு எங்கனா போற வேல இருக்குதா?”

“ஒண்ணும் இல்லியே.”

அவன் நிமிர்ந்தான். “காத்து சுத்தமா இருக்குது. வார வேணாம். வுட்டுடுங்க.”

இரண்டு பேச்சும் அறிவழகன் காதில் தெளிவாக விழுந்தன. “கேட்டுக்கிட்டீங்களாப்பா? வுட்டுடுங்க!” என்று அவர்தான் சத்தமாகச் சொன்னார். ஆட்கள் வாருபலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

வசந்தா மட்டும் வரும்போதே குடை எடுத்துவந்திருந்தாள். இதற்கு என்ன பேர் என்று சொல்வதற்கு அவர் வாயைத் திறந்தார். அவள் குடையை விரித்தாள்.