அம்மா எழுதிய பாவங்கள்

சாண்ட்ராவுக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. துறைமுகத்தைச் சுற்றித் திரும்பிவரும் காலிக் கண்டெய்னர்களை அடுக்கிவைக்கும் திருவொற்றியூர் யார்டு ஒன்றில் பன்னிரண்டு வருடமாக அவள் செக்கர். டிரெய்லர் வந்து நின்றதும் ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். எங்கே நசுங்கல், எங்கே துரு, எந்தக் கதவில் ரப்பர் கிழிந்திருக்கிறது என்று படிவத்தில் குறிப்பாள். நன்றாக இருக்கும் பக்கத்தைக் குறிக்க அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. சாண்ட்ரா கண்ணுக்கு ஒரு கீறல்கூடத் தப்பாது என்று யார்டு முழுக்கப் பேச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகள் ஜானட் மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை பெறும் புதுநன்மை வருடம் வந்தது. அதற்கு முன் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், பிள்ளைகள் தங்கள் பாவங்களை ஒரு சீட்டில் எழுதிப் படித்துக்கொண்டு வரட்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லி அனுப்பினார்கள். சாண்ட்ராவே பேனாவோடு உட்கார்ந்தாள். அவர்கள் தெருவில் மற்ற அம்மாக்களும் அப்படித்தான் செய்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஃபாதர் முன்னால் போய் முழித்துக்கொண்டு நிற்கக் கூடாதல்லவா?

ஒரே மூச்சில் பதினோரு பாவங்கள் வந்தன. பொய் சொன்னேன். சோம்பேறியாக இருந்தேன். தம்பியை அடித்தேன். ஜெபத்தில் தூங்கினேன். சாப்பாட்டை வீணாக்கினேன். கேட்ட கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்லவில்லை. கடைசியில் இடம் போதாமல் எழுத்தைச் சிறியதாக்க வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜானட் வாசற்படியில் உட்கார்ந்து சீட்டை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அம்மு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி மனப்பாடம் பண்ற?"

"என்னப் பத்தி."

அம்மு சீட்டைப் பிடுங்கிப் படித்தாள். "நீ இவ்ளோ கேடியா? எப்போடி தம்பிய அடிச்ச? அவன்தான உன்ன அடிச்சிகினு கீறான்?"

"தெர்ல. அம்மா எழுதிகீது. கரெக்டாத்தான் இருக்கும்."

அடுப்படியில் சாண்ட்ராவின் கையில் தோசைக் கரண்டி அப்படியே நின்றது. அந்தக் குரலில் ஒரு வருத்தம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். தன் ரத்தம் என்ன பிரிவு என்று சொல்வதைப் போலச் சொல்லியிருந்தாள் ஜானட். டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டாலும், கடைக்காரர் எந்தக் கலர் என்று கேட்டாலும் மகள் முதலில் அம்மாவின் முகத்தைப் பார்ப்பது சாண்ட்ராவுக்கு நினைவு வந்தது. கூச்ச சுபாவம் என்று எல்லோரிடமும் சொல்லிவந்திருந்தாள். கூச்சம் இல்லை அது. தன்னைப் பற்றிய விவரம் தன்னிடம் இல்லை, அம்மாவிடம்தான் இருக்கிறது என்று அந்தக் குழந்தை நம்பிக்கொண்டிருந்தது.

தோசை கருகியது. சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று போனவள் பாதியில் நின்றாள். கிழித்தாலும் அதுவும் மகளுக்காகத் தான் எடுத்த முடிவாகிவிடும்.

"ஜானட், இதுல நெஜமாவே நீ பண்ணத மட்டும் வெச்சிக்கோ. மீதிய அடிச்சிடு."

"எதம்மா அடிக்கணும்?"

"அத நீதான் சொல்லணும்."

"நீயே சொல்லும்மா."

சாண்ட்ரா பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது கண்டெய்னர் கதவைத் தனியாகத் தள்ளித் திறப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் முழுக்கச் சீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு கோடும் விழாமல் கிடந்தது. புருஷன் ஜெரி சொன்னான்: "கொழந்தைக்கு இன்னாத்துக்குப் பேஜாரு? நீயே நாலு வரிய அடிச்சிக் குடுத்துடேன்."

"நீ சும்மா இருய்யா. நானே வாயக் கட்டிகினு கீறேன்."

சனிக்கிழமை காலையில் ஒன்பது வரிகள் அடிபட்டிருந்தன. பென்சிலை அழுத்திய அழுத்தத்தில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருந்தது. சோம்பேறியும் போயிருந்தது. எழுந்ததும் பாயை மடிக்கிறாளா என்ன என்று நாக்கு நுனிவரை வந்ததைச் சாண்ட்ரா காப்பியோடு விழுங்கினாள்.

அன்று சாயங்காலம் கோயிலில் ஃபாதர் உட்கார்ந்திருந்த பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தது. ஜானட் உள்ளே போய்ப் பத்து நிமிஷமாகியும் வரவில்லை. தன் மகனோடு காத்திருந்த வியாகுலம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா சாண்ட்ரா, உம் பொண்ணு அவ்ளோ பாவமா சேத்து வெச்சிகீது?"

"இருக்கட்டும்க்கா. அவ மெதுவாத்தான் பேசுவா." சொல்லிவிட்டாளே தவிர அவள் கண் அந்தக் கூண்டைவிட்டு நகரவில்லை. உள்ளே பேச முடியாமல் அழுகிறாளோ? எழுந்து போய்விடலாமா? பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜானட் வந்தாள். முட்டி போட்டுச் சொல்ல வேண்டிய ஜெபங்களைச் சொன்னாள். வெளியே கடையில் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தபோதும் சாண்ட்ரா ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, உன் சீட்டுல இல்லாத ஒண்ணும் சொன்னேன்."

"என்கிட்ட சொல்ல வேணாம்டா. அது உனக்கும் ஆண்டவருக்கும்."

"நான் சொல்றேன்." பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எங்க கிளாஸ்ல மகிழினின்னு ஒரு பொண்ணு கீது. அவுங்கப்பா கொடுங்கையூர் குப்ப மேட்டுக்குக் குப்ப லாரி ஓட்டறாரு. அது வந்தா எல்லாரும் மூக்கப் புடிப்பாங்க. மொத நாளு நான்தான் புடிச்சேன். என்னப் பாத்துதான் எல்லாரும் புடிச்சாங்க."

சாண்ட்ராவுக்குக் காது சூடானது. பதினொன்றைக் கண்டுபிடித்த தன் கண்ணுக்கு இது தெரியவில்லை. அடிக்காத மகள் தம்பியை அடித்ததாக எழுதிய கைக்கு இது தட்டுப்படவில்லை. அவமானமாக இருந்தது. ஆனால் அந்த அவமானத்துக்குள்ளேயே இன்னதென்று தெரியாத ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. தான் போய்ப் பார்க்காத இடம்வரை அந்தக் குழந்தை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. யாரும் கைபிடித்துக் கூட்டிப் போகவில்லை.

பழக்கம் விடவில்லை. "திங்கக்கெழம நான் வந்து உங்க மிஸ்கிட்ட..."

"நீ வராத. நான்தான பண்ணேன். நானே பாத்துக்கிறேன்."

திங்கட்கிழமை சாண்ட்ரா எப்போதும்போல ஜானட்டை ஸ்கூட்டரில் பள்ளி கேட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். உடனே யார்டுக்குக் கிளம்பத்தான் நினைத்தாள். ஆனால் கேட்டுக்கு உள்ளே ஷெட்டில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து காலைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. வரிசையின் கடைசியில் இரட்டைப் பின்னல் போட்ட பெண் ஒருத்தி. அவளுக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

ஜானட் தட்டோடு போய் அந்தக் காலியிடத்தில் நின்றாள்.

"ஏய் ஜானட், அங்க கலீஜுடீ. இங்க வா," என்று ஒரு குரல்.

ஜானட் திரும்பினாள். வழக்கமாக வீட்டுக்குள்ளேயே பாதி கேட்காத அவள் குரல் ரோட்டில் போன டிரெய்லரின் சத்தத்தைத் தாண்டிப் பள்ளி கேட்டுவரை வந்தது.

"மூக்கப் புடிக்கிறத நான்தான் ஆரம்பிச்சேன். அது தப்பு. இனிமே புடிக்க மாட்டேன். நீங்க வேணா மூக்கப் புடிச்சிகினே பொங்கல் துன்னுங்க. மொளகு மேல ஏறிக்கினா என்னக் கேக்கக் கூடாது."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். மூக்கில் இருந்த ஒரு கை இறங்கியது.

மகிழினி மட்டும் சிரிக்கவில்லை. "எங்கப்பா டெய்லி ரெண்டு வாட்டி குளிக்கிறாரு. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் கேக்கவே இல்ல."

"இப்போ கேளு."

"உங்கப்பா ரெண்டு வாட்டி குளிக்கிறாரா?"

"ஆமா." மகிழினி தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். "உக்காரு. ஆனா என் முந்திரில கை வெக்காத."

ஜானட் உட்கார்ந்தாள். உட்காரும்போது அவள் கேட்டுப் பக்கம் திரும்பவில்லை. அம்மாவின் முகத்தைத் தேடவில்லை. சாண்ட்ராவுக்குச் சிரிப்பு வந்தது. கைப்பையில் யார்டிலிருந்து ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

வாட்ச்மேன் மஜீது சாவியோடு வந்தார். "டைமாச்சும்மா, கேட்டு சாத்தணும்."

"ரெண்டு நிமிஷம் இருங்க பாய்," என்றாள் சாண்ட்ரா. "என் பொண்ணு பேசிகினு கீறா."